பதினோரு நிமிடத்தில் ஒரு கட்டுரையும் திறக்கப்படவில்லை

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பணி உயர்வுத் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

எனக்குப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டதற்கு, சென்ற மாதம் வந்த உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் காரணமாக இருந்தது: மேற்கோள் தாக்கம், அதாவது என் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பது, நிர்ணயித்த அளவை எட்டவில்லை. அந்த வரியை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பதவிக்காக எழுதவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. பதவியும் வேண்டும், 19 ஆண்டு உழைப்புக்கு அது உரியது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி என்னோடு நிற்கப்போவதில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் இருக்கும் இளையவர்கள் அதைப் படித்துவிட்டார்கள். இனி எந்த ஆராய்ச்சியில் கை வைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நேர்காணலில் நடந்தது இது. சுவரில் இருந்த திரையில், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தில் என் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. கட்டுரைகள் 31. மேற்கோள்கள் 212. அந்த மேற்கோள்களிலிருந்து கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் என்ற எண் 7. பதவி உயர்வுக்குப் பல்கலைக்கழகத்தின் புதிய சுற்றறிக்கை கேட்பது 12. உறுப்பினர் ஒருவர் அந்த 7ஐச் சுட்டிக்காட்டி, "ஏன் மேடம் இவ்வளவு கம்மி?" என்று கேட்டார். என் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடுமையாகப் பேசவில்லை, பரிவோடுதான் சொன்னார்: "அதெல்லாம் சரி, நம்பர் வரணும்ல." உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை 11 நிமிடம். ஐந்து கட்டுரைகளை அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். யாரும் கேட்கவில்லை. மடியில் வைத்திருந்தபடியே திரும்பக் கொண்டுவந்தேன்.

அந்த ஃபைலில் மேலே இருந்த கட்டுரையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், அன்று சொல்ல முடியாமல் போனதால்.

எங்கள் மாவட்டத்தில் மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில், மலையடிவார ஊர்களிலிருந்து பத்து நாள் காய்ச்சலோடு ஆட்கள் வருவார்கள். விறகு பொறுக்குகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். டைபாய்டுக்காகச் செய்யும் வைடால் என்ற ரத்தச் சோதனையில் ஏதோ ஒரு அளவு காட்டும்; டைபாய்டு என்று எழுதி, அதற்கான ஊசி போடுவார்கள். காய்ச்சல் இறங்காது. மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையுமாக எங்களிடம் வரும்போது சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருக்கும். அது ஸ்க்ரப் டைபஸ், செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிற நோய். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. நேரத்தோடு பிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான, பழைய மாத்திரை போதும். பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். பிடிக்கத் தவறினால் சாவு வரைக்கும் போகலாம்.

பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம் என்று துணி மறைக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஒரு மருத்துவர் ஒரு பெண்ணை அங்கெல்லாம் பார்ப்பதில்லை. பார்க்க இடமும் இல்லை, திரையும் இல்லை. நாங்கள் செய்தது மிக எளிய காரியம். காய்ச்சல் வார்டு செவிலியர்களுக்கு எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, ஒரு மூலையில் திரை போட்டோம். அவர்கள் கண்டுபிடித்தவற்றை நோயை உறுதிசெய்யும் எலைசா ரத்தச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டு, இரண்டு பருவத்தின் கணக்கை எழுதினோம். நான்கு பக்கக் கட்டுரை. ஒரு சிறிய இந்திய ஜர்னலில் வந்தது. அதற்கு இதுவரை வந்த மேற்கோள்கள் 9. அதில் இரண்டு நானே என் பிந்தைய கட்டுரைகளில் கொடுத்தவை.

ஆனால் அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் அந்தக் கட்டுரையின் படம் மட்டும் நகலெடுத்து ஊசி போடும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கறை படிந்து, ஓரம் கிழிந்து இருக்கிறது. அங்கிருக்கும் செவிலியர் ஒருவர், "இதைப் பார்த்துட்டுத்தான் மேடம் போன வருஷம் அந்தப் பொண்ணுக்குக் கண்டுபிடிச்சேன்" என்றார். பிரசவமாகி மூன்று மாதம் ஆன பெண். பிழைத்துக்கொண்டாள். இது எந்தத் தரவுத்தளத்தில் ஏறும் என்று உங்களைக் கேட்க விரும்புகிறேன். சுவரில் ஒட்டியவர் கட்டுரை எழுதுகிறவர் அல்ல. அவர் யாருக்கும் மேற்கோள் கொடுக்கப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் துறை ஒவ்வோர் ஆண்டும், எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வார்டு வாரியாக அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. ஐ.சி.யூ.வில் இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் மருந்து எழுதுவது அதைப் பார்த்துத்தான். அதற்கு உங்கள் சுற்றறிக்கையில் மதிப்பெண் பூஜ்யம்.

சரி, எண்களுக்கே வருவோம். இவை எதற்காக உண்டாக்கப்பட்டவை என்பதையாவது குழு ஒருமுறை யோசிக்க வேண்டும். யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் சயன்ஸ் இதழில் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தபோது, ஒரு கருத்து எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் போகிறது என்று தேடுவதற்கான வழியாகத்தான் அதைச் சொன்னார். இம்பாக்ட் ஃபேக்டர் அதற்குப் பின் வந்தது. தன் அட்டவணையில் எந்த ஜர்னல்களைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு ஜர்னலில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதே அந்தக் கணக்கு. ஜர்னலின் சராசரி அது. நாலைந்து கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக்கொண்டு அந்தச் சராசரியைத் தூக்கிவிடும், மற்றவை கீழேயே கிடக்கும். வார்டு முழுவதற்கும் சராசரி வெப்பநிலையைக் கணக்கிட்டு, அதை வைத்து ஏழாம் எண் படுக்கையில் இருப்பவருக்கு மருந்து எழுத நம்மில் ஒருவரும் துணியமாட்டோம். ஆசிரியர்களை மதிப்பிடும்போது மட்டும் அதைச் செய்கிறோம்.

எச்-இண்டெக்ஸ் கதையும் அப்படித்தான். கலிபோர்னியாவில் இருக்கும் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்தது அது. ஒருவரின் 7 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 7 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 7. ஒருவருடைய பல முகங்கள் கொண்ட பணியை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அதை முன்வைத்த அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். இயற்பியலுக்கும் மருத்துவத்துக்கும், மருத்துவத்துக்குள்ளேயே புற்றுநோய்க்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும், எழுதுகிறவர்களின் எண்ணிக்கையே வேறு. நூறு பேர் எழுதும் துறையில் பத்தாயிரம் பேர் எழுதும் துறையின் மேற்கோள் எப்படி வரும்? உங்கள் 12 எல்லாத் துறைக்கும் ஒரே 12.

மேற்கோள் எண்ணிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதையோ அளக்கிறது. ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951இல் புரதத்தை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள்; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டு, உலகிலேயே அதிகம் சுட்டப்பட்ட கட்டுரை அதுதான். நானும் மாணவியாக இருந்தபோது அந்த முறையில் வரும் நீல நிறத்தைச் சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறேன். அது ஒன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று லௌரியே பிற்பாடு எழுதினார். டிஎன்ஏயின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, அதிகம் சுட்டப்பட்ட முதல் 100 கட்டுரைகளின் பட்டியலை 2014இல் நேச்சர் இதழ் தொகுத்தபோது அதில் இல்லை. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது ஒன்று. எவ்வளவு ஆழமானது என்பது வேறு. யார் உயிர் பிழைத்தார்கள் என்பது இன்னொன்று. மூன்றையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது.

1959ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் நம் நாட்டிலிருந்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து. சம்பு நாத் டே, காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தை முயலின் குடலில் கட்டிப் பிரித்த ஒரு பகுதிக்குள் செலுத்தி, குடலில் நீர் சுரப்பதைக் காட்டினார். நோயை உண்டாக்குவது கிருமி வெளிவிடும் நச்சு என்பது அப்போதுதான் நிரூபணமானது. ராபர்ட் கோக் 1884லேயே சந்தேகித்தது அது. வெளிவந்ததோ நேச்சர் இதழில். உங்கள் அளவுகோலில் முழு மதிப்பெண். அப்படியும் இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1973இல் ஓய்வு பெற்றார், 1985இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய பணியைப் பற்றி விரிவான கட்டுரை எழுதி உலகுக்கு நினைவூட்டியவர் யார் தெரியுமா? மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய அதே யூஜின் கார்ஃபீல்ட். டேயின் கட்டுரைகள் எப்படிப் பரவின என்பதை அவர் மேற்கோள்களை வைத்துத்தான் தேடினார். ஆனால் அவர் எழுதியது அந்த ஆய்வின் உள்ளடக்கத்தைப் பற்றி. ஓர் எண்ணை மட்டும் போட்டுவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

இரண்டாவது கட்டுரை நம் சென்னையிலிருந்து. காசநோய் வந்தவர்களைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று உலகமே நம்பியிருந்த காலம். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியம். மறுபாதிக்கு நெரிசலான, வசதியற்ற அவர்களுடைய சொந்த வீடு. மருந்து ஒன்றேதான். ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. இன்று உலகம் முழுக்கக் காசநோயாளி தன் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. வெளிவந்த இடம், உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை இதழ். அதன் இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு என்று அன்று யாரும் கேட்டிருக்க முடியாது, அந்தக் கணக்கே அப்போது பிறக்கவில்லை.

ஆசிரியர் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுரையில் முதல் மூன்று பெயர்களுக்குள் வராதவருக்கு மதிப்பெண் கிடையாது என்கிறது சுற்றறிக்கை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் முதுநிலை மாணவி நிர்மலாவிடம் எச்ஐவி பற்றி ஆய்வு செய்யச் சொன்னார். அந்த நோய் இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிய நேரம். அந்த மாணவி பாலியல் தொழிலாளர்களிடம் தானே போய்ப் பேசி, ரத்தம் எடுத்து, மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது முடிவு தெரிந்தது. நாட்டில் எச்ஐவி இருப்பதை முதலில் காட்டிய அந்த ஆய்வு 1987இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் வந்தது. அதில் நிர்மலாவின் பெயர் நான்காவது. சுனிதி சாலமனின் பெயர் ஐந்தாவது. உங்கள் சுற்றறிக்கைப்படி இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. இதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எண் மட்டும் போதும் என்று சொன்னால், எண்ணை உண்டாக்கித் தருகிறவர்கள் வருவார்கள். வந்துவிட்டார்கள். என் கைபேசிக்கு வாரம் இரண்டு மூன்று செய்தி வருகிறது: கட்டுரை தயாராக இருக்கிறது, முதல் ஆசிரியர் இடம் ஒரு விலை, மூன்றாவது இடம் ஒரு விலை. ஒருமுறை என் கட்டுரையைப் பரிசீலித்தவர், என் ஆய்வுக்குத் தொடர்பே இல்லாத ஆறு கட்டுரைகளைச் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதினார். ஆறிலும் ஒரே பெயர் இருந்தது. நான் சேர்க்கவில்லை. கட்டுரை திரும்பி வந்தது. என் 7, 8 ஆகாமல் போனதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். 2023 ஒரே ஆண்டில் ஹிந்தாவி பதிப்பகம் மட்டும் 8,000க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. திரும்பப் பெறும் முன்பு அவை ஒவ்வொன்றும் எங்கோ ஒருவருக்கு மதிப்பெண்ணாக இருந்திருக்கும்.

என்னோடு நேர்காணலுக்கு வந்த சகா ஒருவரின் பட்டியலில் ஒரே ஆண்டில் 46 கட்டுரைகள் இருந்தன. எட்டு நாளைக்கு ஒன்று. அவர்மீது நான் குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது, விதி அப்படி இருக்கிறது. ஆனால் எட்டு நாளில் ஸ்க்ரப் டைபஸ் பற்றி எதுவும் கண்டுபிடிக்க முடியாது. பருவம் வர வேண்டும், நோயாளி வர வேண்டும், இரண்டாவது ரத்த மாதிரி எடுக்க அதே ஆள் இரண்டு வாரம் கழித்து மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். சில சமயம் பஸ் காசு நாங்கள்தான் கொடுத்தோம்.

போன வாரம் என் முதுநிலை மாணவி ஒருத்தி, மாவட்டத்து எலிக் காய்ச்சல் பற்றித் தொடங்கிய ஆய்வை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளைத் தொகுத்து இரண்டு விமர்சனக் கட்டுரை எழுதிவிடட்டுமா என்று கேட்டாள். அவற்றுக்கு மேற்கோள் அதிகம் வருமாம். "உங்களுக்கே இப்படி ஆயிடுச்சே மேடம்" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்த மடலில் என்னை அதிகம் வருத்திய இடம் அதுதான்.

2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உயிரணு அறிவியலாளர்கள் கூடி விவாதித்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட டோரா பிரகடனம், ஒருவரை வேலைக்கு எடுக்கவும் பதவி உயர்த்தவும் ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவிலும் அதில் கையெழுத்திட்ட அமைப்புகள் உண்டு. ஆக நான் கேட்பது புதிதும் அல்ல, எட்டாததும் அல்ல.

என் கோரிக்கைகள் இவை. எச்-இண்டெக்ஸ் 12 என்ற தகுதி வரம்பை விலக்குங்கள். எண்கள் மேசையில் இருக்கட்டும், கதவில் பூட்டாக இருக்க வேண்டாம். இருக்கும் எண்களையும் அந்தந்தத் துறையோடு மட்டும் ஒப்பிடுங்கள், தன்மேற்கோளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். என்னுடையதிலும் கழியுங்கள்.

ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தன்னுடைய சிறந்த ஐந்து கட்டுரைகளைத் தானே தேர்ந்து, ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன, அதனால் எங்கே என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும். குழுவில் அந்தத் துறை தெரிந்த இருவராவது நேர்காணலுக்கு முன்பே அவற்றைப் படித்து, எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். அந்தக் கருத்து விண்ணப்பதாரருக்கும் கிடைக்கட்டும். மறுப்பதானால் எந்த ஆய்வில் என்ன குறை என்று சொல்லி மறுங்கள். முதல் மூன்று பெயர் என்ற விதியை எடுத்துவிட்டு, பங்களிப்பைக் கேளுங்கள். ஆன்டிபயாடிக் அட்டவணை, மாவட்ட நோய்க் கணக்கு, ஆய்வகப் பயிற்சி, பலன் கிடைக்கவில்லை என்று காட்டிய ஆய்வு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்.

இந்தச் சுற்றறிக்கை வந்த பிறகு மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் காரணம் காட்டி மறுக்கப்பட்ட எல்லா விண்ணப்பங்களையும் மறுபடி எடுங்கள். என்னுடையதை மட்டும் தனியாக எடுத்துச் சரிசெய்தால் நான் அதை ஏற்கமாட்டேன். பல்கலைக்கழகம் டோரா பிரகடனத்தில் கையெழுத்திடுவது பற்றி அடுத்த ஆட்சிக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுத்த முடிவை எழுத்தில் வெளியிடுங்கள்.

அன்று மடியிலேயே இருந்த ஃபைலை இந்த மடலோடு துணைவேந்தர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஐந்து கட்டுரைகள், மொத்தம் 34 பக்கம். 30 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இணைப் பேராசிரியர்,
நுண்ணுயிரியல் துறை